ஒரே வரியில் சொல்லிவிடக்கூடிய மனுசன்

எங்கள் ஊர் நொச்சிவலசில் பொருள்களெல்லாம் தங்கள் எடையை மாற்றிக்கொண்டது வைகாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துவிடுமோ, அதைப் பார்க்க ஓடினால் இப்போதுதான் சாணி தெளித்த வாசலில் வழுக்கி விழுந்துவிடுவேனோ என்று நான் இரண்டுக்கும் நடுவில் நின்று பயந்துகொண்டிருந்த நேரத்தில். எதிர்த்த தறிக்கூடத்து வாசலில் சுமைக்காரர் மாரப்பன், துண்டுக் கட்டு ஒன்றை டெம்போவில் ஏற்றுவதற்காக எப்போதும்போல மூச்சைப் பிடித்துத் தூக்க, அது அவர் தலைக்கு மேலே, டெம்போவுக்கு மேலே, மின்கம்பிக்கும் மேலே போய் வேப்பமரத்தில் ஒரு காக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. காக்கை நகர்ந்து இடம் விட்டது. அதே நேரத்தில் பக்கத்து வீட்டு ருக்குமணி, தறிக்கூடத்தில் கூட்டி அள்ளிய சிக்கல் நூலை ஒரு முறத்தில் வைத்துத் தூக்க முடியாமல், "ஏ தெய்வாத்தா, இந்த மொறத்துக்குள்ள யாரோ உக்காந்திருக்கறாப்பல இருக்குது, வந்து ஒரு கை புடி" என்று என்னைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து பிடித்தும் முறம் அசையவில்லை. மூங்கில்தான் பிய்ந்து கையோடு வந்தது.

முதலில் எல்லாரும் தராசைச் சந்தேகப்பட்டார்கள், பிறகு தங்கள் கைகளைச் சந்தேகப்பட்டார்கள், பிறகு சந்தேகப்படுவதை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்கள். செங்கல் சூளையில் ஒரே அச்சில் வார்த்த கல் ஒரு லோடு முழுவதையும் ஒரு பெண் தலையில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி போனாள். கல்யாண வீட்டில் உடைந்த வளையல் துண்டுகளை ஒரு கொட்டாங்குச்சியில் அள்ளி வைத்தவர்கள் அதை அப்புறம் நகர்த்த முடியாமல், பந்தியை அதைச் சுற்றி வளைத்துப் போட்டார்கள். தறிக்கூடங்களின் சிக்கல் நூல் அங்கங்கே கிடந்த இடத்திலேயே கிடக்க, துண்டுக் கட்டுகளை மட்டும் பலூன்காரன் மாதிரி நூலில் கட்டிப் பிடித்துக்கொண்டு மாரப்பன் டெம்போவுக்கு நடந்தார்.

ஏன் இப்படி என்று சொன்னவர் டியூசன் எடுக்கும் விசுவநாதன் வாத்தியார். நான் ஆறாவதோடு நின்றவள், ஆனாலும் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது.

"ஒரு பொருளைக் கண்ணுல பார்க்காத ஒருத்தனுக்கு வாயால சொல்லோணும். அவன் அதைக் கேட்டு அதே பொருளை அச்சுப் பிசகாம செஞ்சு வெக்கோணும். அதுக்கு எத்தனை வார்த்தை வேணுமோ அதுதான் இனி அதோட கனம்" என்றார். "இந்தத் துண்டுக் கட்டைப் பாருங்க. வெள்ளைத் துண்டு, ரெண்டு பக்கமும் செவப்புக் கரை, கட்டு முடியற வரைக்கும் இதே. முடிஞ்சு போச்சு. ஆனா அந்தச் சிக்கல் நூலை எப்புடிச் சொல்லுவீங்க? இந்த இழை வளைஞ்சு அந்த இழைக்குக் கீழ போயி, அங்க அறுந்து, இன்னொண்ணுல மாட்டி... பொழுது போயிரும்."

"அப்ப என்ற மாமியாளைத் தூக்கறதுக்குக் கிரேன் கொண்டாரோணும்" என்றாள் ருக்குமணி. எல்லாரும் சிரித்தார்கள். அவள் என் பக்கம் திரும்பி, "தெய்வாத்தாளுக்கு அந்தக் கவலையில்லை. எல்லாத்துக்கும் பயப்படுவா. அவ்வளவுதான் அவ. ஊதுனாப் பறந்துருவா" என்றாள். எல்லாரும் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் அன்று முழுக்கச் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்தேன்.

மாரப்பன் மட்டும் ஒரு குறை சொல்லிக்கொண்டிருந்தார். "சென்னியண்ணன் தறியில வர்ற கட்டு மட்டும் கொஞ்சம் கனக்குதுங்க. மத்ததெல்லாம் அப்பளமாட்ட இருக்குது." சென்னியண்ணன் என்பது என் வீட்டுக்காரர் சென்னியப்பன். தறிக்கூடத்து முதலாளி ஒருநாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ பேசினார். அடுத்த வாரத்திலிருந்து அவர் கட்டும் அப்பளமானது. வீட்டுக்கு வந்து அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, ஏனென்றால் அப்போது நான் ஓட்டுக்கு மேலே வேப்பங்கிளை முறிந்து விழுமோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

ஆனி பிறந்ததும் அது மனிதர்களுக்கு வந்தது. பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற சைசிங் மில்லின் காவலாளி ரங்கசாமி, கேட்டைத் திறப்பதும் மூடுவதுமே ஆயுளாக இருந்தவர், ஒரு மத்தியானம் கேட்டைத் திறந்த கையோடு மெதுவாக மேலே போய்க் கம்பிவேலி உயரத்தில் நின்றார். தேங்காய் பறிக்கிற துரட்டியால் சட்டைக் காலரில் மாட்டி இறக்கினார்கள். அவர் நன்றி சொல்லிவிட்டுக் கேட்டை மூடப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்காரர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபோது கயிறு தாழவில்லை. வாசல் புழுதியில் அவர் நடந்து வந்த வழியைப் பார்த்தேன். காலடித் தடமே இல்லை.

அவரைப் பற்றி நான் சொல்லித்தான் ஆகவேண்டும், சொல்ல அதிக நேரம் ஆகாது என்பதுதான் என் பயம். விடிந்ததும் எழுந்திருப்பார், ஒரு டம்ளர் டீ குடிப்பார், தறிக்குப் போவார், சோற்றுக்கு வருவார், திரும்பத் தறிக்குப் போவார், வந்து படுப்பார், நாளைக்கும் இதே. பேச்சும் அப்படித்தான். நான் என்ன பயத்தைச் சொன்னாலும், அது பாம்பாக இருந்தாலும் கட்டிக்கொடுத்த மகளின் காய்ச்சலாக இருந்தாலும், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்பார். எங்கள் வீட்டில் கடிகாரம் வாங்காததற்கு அவர்தான் காரணம்.

"ஏனுங்க, உங்களுக்கு ஒடம்பு லேசாத் தெரியலீங்களா?"

"நெம்ப லேசா இருக்குது. முட்டிவலியே போயிருச்சு அம்மிணி."

"ஆடி பொறக்கப் போகுதுங்க. காத்து வந்தா என்னங்க பண்றது?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது."

எங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே இருக்கிறது. ஆடியில் அந்தக் காற்று வந்தால் தறிக்கூடத்துத் தகரம் பக்கத்து ஊரில் போய் விழும். எடை மாறாத காலத்திலேயே அப்படி.

அப்போதுதான் விசுவநாதன் வாத்தியார் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒழுங்காக வாழ்ந்தால்தானே லேசாகிறோம், ஒழுங்கில்லாமல் வாழ்ந்தால் போயிற்று. அதற்கு அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். நாள்காட்டியில் அன்றைய தேதியை எடுத்து, எதனாலோ பெருக்கி, எதையோ கழித்து, மிச்சம் வருகிற எண்ணுக்கு என்ன காரியமோ அதைச் செய்ய வேண்டும். அவரிடம் சேர்ந்தவர்கள் விடிகாலையில் குழம்புச் சோறு தின்றார்கள், பின்பக்கமாக நடந்தார்கள், சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கிணற்றைச் சுற்றினார்கள். பார்க்கிறவர்களுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. எனக்கு அவர்களைக் கண்டால் அப்படி ஒரு பொறாமை. என் வீட்டுக்காரரை அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். "நம்மளுக்குக் கணக்கு வராதுங்க வாத்தியாரே" என்று சொல்லிவிட்டு அவர் தறிக்குப் போய்விட்டார்.

ஆனி பத்தாம் தேதி வாக்கில் ஒருநாள் முன்காற்று வீசியது. பெரிய காற்றுக்கூட இல்லை, முருங்கைப்பூ உதிர்கிற காற்று. வாத்தியாரும் அவருடைய ஆட்களும் பள்ளிக்கூட மைதானத்தில் ஆளுக்கொரு திசையில் ஆளுக்கொரு கோணல் காரியம் செய்துகொண்டிருந்தவர்கள், எல்லாரும் ஒரே நேரத்தில், கொக்குக் கூட்டம் கிளம்புகிற மாதிரி எழும்பினார்கள். மேலே போகும்போதுதான் வாத்தியாருக்குப் புரிந்தது. "கணக்கு! அந்த ஒரு கணக்கைச் சொன்னா எங்க அத்தனை பேரையும் சொல்லீரலாம்! அதுதான் கோளாறு!" என்று மேலிருந்து கத்தினார். பாடம் நடத்துகிற அதே குரல். மற்றவர்கள் புளியமரங்களிலும் செல்போன் கோபுரத்திலும் மாட்டிக்கொண்டார்கள். வாத்தியார் மட்டும் எதிலும் மாட்டாமல் கிழக்கே போனார். அவர் மனைவி மைதானத்தில் அவருடைய ஒற்றைச் செருப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனதை நான் பார்த்தேன்.

பிறகு ஊர் மாரியம்மன் கோயிலுக்குத் திரும்பியது. பெண் கொடுக்கலாமா, கிணறு வெட்டலாமா என்று முடிவு தெரியாமல் தவிக்கும்போது, அம்மன் முன்னால் வெள்ளை அரளியையும் செவ்வரளியையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பூக் கேட்பது என்போம். எந்தப் பூ வரும் என்று எந்தக் கணக்கும் சொல்லாது, அது அம்மனுக்கே அந்த நேரத்தில்தான் தெரியும். பெரிய காரியத்துக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததை இப்போது ஜனங்கள் எல்லாவற்றுக்கும் கேட்டார்கள். மேற்கே போகட்டுமா கிழக்கே போகட்டுமா. குளிக்கட்டுமா வேண்டாமா. பூசாரி பொட்டலம் கட்டிக் கட்டிக் கை காய்த்து, கடைசியில் அவரவரே கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட, வீட்டுக்கு வீடு அரளி பறித்து மடியில் கட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

அது பலித்தது. எல்லாருக்கும் கனம் ஏறியது. ஏறியது நிற்கவில்லை.

எல்லாரையும் விட அதிகமாகக் கேட்டவள் ருக்குமணி. பூ சொன்னதென்று காப்பியில் மிளகாய்ப்பொடி போட்டாள், பூ சொன்னதென்று ஒரு புருவத்தை மழித்தாள். ஒருநாள் அவள் கட்டில் முறிந்தது. தரையில் படுத்தால் சிமெண்டு விரிந்தது. வாசலில் வந்து நின்றவள் முழங்கால் வரை மண்ணில் இறங்கி அப்படியே நின்றுவிட்டாள். அவள் மகன்கள் அவள் தலைக்கு மேலே நாலு கம்பு நட்டுத் தகரம் போட்டார்கள், அதற்கப்புறம் அது சகஜமாகிவிட்டது. நான் சோறு கொண்டுபோய் ஊட்டுவேன். "நல்லா இருக்குதா ருக்கு?" என்று கேட்பேன். மடியில் இருக்கிற பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "பித்தளை" என்பாள், இல்லாவிட்டால் என் மூக்கைத் தொடுவாள், இல்லாவிட்டால் அழுவாள். எனக்குத் தெரிந்த ருக்குமணியை அந்தக் கண்ணுக்குள் தேடுவேன். சொல்லித் தீராத ஆளாகிவிட்டாள், ஆனால் சொல்வதற்கு அங்கே யாரும் இல்லை. அதைக் கண்டபிறகு கனத்துக்கும் நான் பயந்தேன்.

அப்படியும் அவருக்காகப் பூக் கேட்டேன். செவ்வரளி வந்த நாளில் டீயில் உப்புப் போட்டேன், வெள்ளை வந்த நாளில் கஞ்சியில் சர்க்கரை போட்டேன், சட்டையை ஒளித்து வைத்தேன். அவர் உப்பு டீயைக் குடித்தார், சட்டை இல்லாமல் போனார். கனம் கூடவில்லை. கொடுத்ததைக் குடிப்பார், கிடைத்ததைப் போடுவார் என்று அதுவும் ஒரு வரியில் அடங்கிவிட்டது.

இதற்குள் ஊர் வேறொரு ஏற்பாடு செய்திருந்தது. லேசானவர்களின் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைக் கனத்தவர்களின் கையில் கொடுத்துவிட்டார்கள். காவலாளி ரங்கசாமியின் கயிறு பூசாரி கையில் இருந்தது. என் வீட்டுக்காரரின் கயிறு, தறிக்கூடத்துக்கு எதிரே இருப்பவள் என்பதால், ருக்குமணி கையில்.

ஆடி ஒன்றாம் தேதி எங்கள் பக்கத்தில் தேங்காய் சுடுகிற நோன்பு, காலையில் தெருவெல்லாம் அந்த வாசம். ஒவ்வொரு வாசலிலும் குச்சியில் குத்திய தேங்காயைத் தீயில் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அவர் டீ குடித்துவிட்டுத் தறிக்குக் கிளம்பினார். நான் குச்சியைத் திருப்பிக்கொண்டே அந்தக் கயிற்றைப் பார்த்தேன், கயிறு போய் முடிகிற கையைப் பார்த்தேன். ருக்குமணி மடிப் பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தாள். செவ்வரளி. அவள் என்ன கேட்டாள் என்பது அவள் விரல்களை விரித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஊரில் வேறு யார் கையில் கொடுத்திருந்தாலும் என்ன செய்வார்கள் என்று சொல்லியிருக்கலாம். அவளைத்தான் சொல்ல முடியாதே.

காற்று மேற்கேயிருந்து தகரங்களைத் தட்டிக்கொண்டு வந்தது. அவர் தரையை விட்டார். நான் தேங்காயைத் தீயில் போட்டுவிட்டு ஓடி, எட்டிய இடத்தில் பிடித்தேன்; பிடித்தது அவருடைய இடது கணுக்கால். அவர் வேட்டி என் முகத்தில் படபடவென்று அடித்தது. நான் பறக்கவில்லை. என் கால்கள் மண்ணில் பதிந்திருந்தன. அதுவரை எனக்கே தெரியாது, எனக்கு இவ்வளவு கனம் இருக்கிறதென்று. இத்தனை வருசமாக ஒரு நாளைப்போல இன்னொரு நாள் இல்லாமல் ஒவ்வொன்றாகப் பயந்து சேர்த்த கனம்.

அதைப் பார்த்து ருக்குமணி சிரித்தாள். அரளி வந்த பிறகு அவள் வாயிலிருந்து கோர்வையாக வந்த ஒரே பேச்சு அதுதான், பூ கொடுத்ததோ, பழைய ருக்குமணி எங்கிருந்தாவது எட்டிப் பார்த்தாளோ. "எல்லாத்துக்கும் பயப்படுவா. அவ்வளவுதான் அவ!"

அந்த ஒரு வரிக்குள் நான் அடங்கியதும் என் குதிகால் இரண்டும் மண்ணை விட்டன. பெருவிரல் மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"ஏனுங்க!" என்று அலறினேன். "நானும் வர்றனுங்க, ரெண்டு பேரும் போறமுங்க!"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றார் அவர் மேலிருந்து, பழக்கத்தில். சொன்னதும் இன்னும் ஒரு முழம் ஏறினார்.

"அதைச் சொல்லாதீங்க! சாமி, அதை மட்டும் சொல்லாதீங்க! வேற ஏதாச்சும் சொல்லுங்க!"

அவர் குனிந்து என்னைப் பார்த்தார். பிறகு, "கீழ பார்த்தாப் பயமா இருக்குது அம்மிணி" என்றார்.

முப்பது வருசத்தில் அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. கேட்டதும் என் கைக்குள் அந்தக் கணுக்கால் கொஞ்சம், மிகக் கொஞ்சம், கனத்தது.

"வேற எதுக்குப் பயமுங்க? சொல்லுங்க, நிறுத்தாமச் சொல்லுங்க!"

"தறியில குறுக்க ஓடற நாடாக்கட்டை தெறிச்சு வந்து கண்ணுல அடிச்சுருமோன்னு. நெதமும் இடது கண்ணை மூடிட்டுத்தான் தறியை எடுப்பேன். உன்னகிட்டச் சொன்னா நீ வெசனப்படுவே."

"அப்புறம்?"

"மொதலாளி கண்டுபுடிச்சுட்டாரு."

"எதைங்க?"

"துண்டுல ஒரு இழை வேற கலர்ல போட்டுட்டிருந்தேன். கரையோரமா, யாருக்கும் தெரியாம. உனக்குக் காய்ச்சல் வந்தப்ப நீலம் போட்டேன். பாப்பா பொறந்தப்ப மஞ்சள், எட்டுத் துண்டுக்கு. நீ கோவிச்சுட்டு உங்கம்மா ஊட்டுக்குப் போனப்ப இழையே போடாம ஒரு எடத்துல சந்து உட்டேன். அன்னன்னைக்கு மனசுல என்ன இருக்குதோ அதை எங்க தோணுதோ அங்க. இந்தக் கனம் வந்துதான் காட்டிக் குடுத்துருச்சு. இனிப் போட்டா வேலை இல்லைன்னாரு. உட்டுட்டேன். அன்னைக்கிருந்துதான் ஒடம்பு லேசாச்சு."

எந்தெந்த ஊரிலோ யார் யாரோ என் காய்ச்சலில் முகம் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நானும் சொல்ல ஆரம்பித்தேன். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம் என்று சொன்ன ருக்குமணிக்கு எதெதற்கு என்று தெரியாதே. அந்த ஒரு வரியைக் கேட்டு இன்னொருத்தியை என்னைப்போலச் செய்துவைக்க முடியுமா? ஊற வைத்த உளுந்தில் பல்லி விழுந்ததோ என்று பயந்தது, மகள் வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை என்று பயந்தது, இந்த மனுசனுக்கு என்னைப் பிடிக்குமா என்று கேட்கப் பயந்தது. நான் சொல்லச் சொல்ல என் குதிகால் இறங்கியது. அவர் சொல்லச் சொல்ல என் கைக்கு அவர் முழங்கால் வந்தது, இடுப்பு வந்தது. காற்று ஒரு தடவை மூச்சு வாங்கிய நேரத்தில் அவர் என் தோளில் கைவைத்துத் தரையில் நின்றார். தேங்காய் கருகிப் போயிருந்தது. ருக்குமணி மறுபடியும் மடியைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் முழுக்க முதலாளியின் துண்டுக் கட்டுகள் காற்றில் போனபடி இருந்தன. கடைசியில் அவரே வந்து, "சென்னியப்பா, அந்த இழையைப் போட்டுத் தொலை" என்றார். எங்கள் தெருவில் இப்போது எல்லாத் தறிக்காரர்களும் துண்டில் ஏதாவது ஒன்றைப் போடுகிறார்கள், என்னவென்று மனைவியிடம் மட்டும் சொல்கிறார்கள். இவர் காலடி புழுதியில் தெரிகிறது. ஆழமாக இல்லை.

ஆனாலும் எனக்கு நிம்மதி இல்லை. ஐப்பசியில் காற்று திரும்பும். கிழக்கே போன வாத்தியார் அந்தக் காற்றில் திரும்பி வருவார். இவ்வளவு நாளும் அவருக்கு மேலே இருந்து கீழே பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. எங்களுடைய இழைகள், பயங்கள், பூக்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிற ஒரு சின்ன வரி இல்லை என்று யாருக்குத் தெரியும்? இருக்கிறது என்றால் கண்டுபிடித்துக் காட்டலாம், இல்லவே இல்லை என்று யாராலும் சத்தியம் பண்ண முடியாது. அதை அவர் மேலிருந்தபடியே சொன்னால், அவருக்கு அந்தக் குரல் இருக்கிறது, ஊருக்கே கேட்கும், ஊரே கிளம்பிவிடும்.

அதனால் தினமும் ஒரு புதுப் பயமாகப் பார்த்துக் கனம் சேர்த்துக்கொண்டிருந்தேன். நேற்று அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, "தெனமும் ஒரு புதுப் பயம்னா அதுவும் ஒரே வரிதானே அம்மிணி?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குக் கட்டில் கயிறு ஆடுகிற மாதிரி இருந்தது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டேன்.

இனிமேல் சில நாள் எதற்கும் பயப்படாமல் இருக்கப் போகிறேன். எந்தெந்த நாள் என்று மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டேன்.